பவுச்சைத் திறந்தால் வெண்ணிலா, இழுத்தால் நாக்கு எரிச்சல்: வாசனை பைப் புகையிலை பற்றி ஒரு கேள்வி

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பைப் பிடிக்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் தைரியமாகக் கேட்கிறேன்.

சித்தப்பா டென்மார்க்கிலிருந்து வந்தபோது ஒரு பிரையர் (வேர் மரத்தில் கடைந்த) பைப்பும், வெண்ணிலா வாசம் போட்ட ஒரு பவுச்சும் கொண்டுவந்தார். "ரொம்ப மைல்டுடா, புதுசா பிடிக்கிறவனுக்கு இதுதான் சரி" என்று கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். பவுச்சைப் பிரித்தால் கூடம் முழுக்க மணக்கிறது. கறுப்பும் பழுப்பும் கலந்து நாடா நாடாக வெட்டிய இலை, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஆனால் பற்றவைத்தால் அந்த வாசம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. முதல் சில இழுப்பு இனிப்பாக இருக்கும், அப்புறம் வெறும் சூடான காற்று, பாதி தாண்டினால் தண்டுக்குள் கொளகொளவென்று தண்ணீர் சத்தம். நாக்கு நுனி மறுநாள் காலை வரை எரிகிறது, ரசம்கூட வைக்க முடியவில்லை. இதில் அடிக்கடி அணைந்து வேறு போகிறது, தீப்பெட்டிதான் காலியாகிறது.

இங்கே இப்போது ஐப்பசி மழை. நாள் முழுக்க மூடுபனி, துவைத்துப் போட்ட துணி கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பேன், அந்த நேரம் மட்டும்தான். சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது.

பைப் சரியில்லையா, புகையிலை சரியில்லையா? நண்பர் ஒருவர் "மலையில காத்து கம்மி, பைப் நிக்காது" என்கிறார். அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீமேக்கர்:

தம்பி, முதலில் அந்த நண்பர் சொன்னதை ஓரமாக வையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் ஊரைவிட மேலே. அங்கேயே ஆட்கள் நிம்மதியாகப் பைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ரிட்டயர் ஆன ராணுவக்காரர்கள் சிலரோடு நான் பல வருஷம் உட்கார்ந்து பிடித்திருக்கிறேன், யாருடைய பைப்பும் உயரத்தால் அணைந்ததில்லை.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். இலை பிசுபிசுக்கிறது, துணி காயவில்லை. ஈரம், வேறொன்றுமில்லை.

இந்த வாசனைப் புகையிலை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்தக் கறுப்பு இலை பெரும்பாலும் பிளாக் கேவண்டிஷ். அது தனிச் செடி கிடையாது, ஒரு பக்குவம். பர்லியையோ வர்ஜீனியாவையோ ஆவியில் வேகவைத்து, அழுத்தி, இனிப்புச் சேர்த்துக் கறுக்க வைப்பார்கள். பர்லி காற்றில் உலர்த்துகிற இலை, அதில் சர்க்கரை அநேகமாக மிஞ்சாது, ஆனால் எந்த வாசனையை ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். வர்ஜீனியா சூட்டில் பதப்படுத்துகிற இலை, அதில் சர்க்கரை தூக்கல். வெட்டி முடித்த பிறகு வெண்ணிலாவோ செர்ரியோ ரம்மோ மேலே தெளிப்பார்கள். அதோடு இலை காய்ந்துவிடாமல் இருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள், மலிவான வாசனைக் கலவைகளில் தாராளமாகவே இருக்கும். அது தண்ணீர் போலச் சீக்கிரம் ஆவியாகாது, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இலை எரியும்போது அதுவே கொஞ்சம் நீராவியை உண்டாக்கும், நனைந்த இலை என்றால் கேட்கவே வேண்டாம். பைப்புக்குள் ஓடுவது பாதி கொதி ஆவி. அதுதான் தண்டில் குளிர்ந்து கொளகொளக்கிறது, அதுதான் நாக்கையும் அவிக்கிறது. அணைந்துவிடுமோ என்று வேகவேகமாக இழுக்கிறவர்களுக்கு இன்னும் சூடேறும். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

அதனால் காயவையுங்கள். ஒரு பைப்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பரப்புங்கள். பங்குனி சித்திரையில் அரை மணி நேரம் போதும். இந்த மழையில் வெறுமனே பரப்பி வைத்தால் காயாது, இன்னும் ஈரம்தான் ஏறும். வீட்டில் கணப்பு இருந்தால் அதன் பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் மேசை விளக்கின் கீழே. தோசைக்கல்லில் போட்டு வறுக்காதீர்கள், வாசனை அத்தனையும் அடுப்போடு போய்விடும், அப்புறம் வீட்டில் தோசைக்கும் சண்டை வரும்.

பதம் பார்ப்பது கையால்தான். நான் தேயிலைத் தொழிற்சாலையில், பச்சை இலையை வாட்டுகிற தளத்தில் நின்றே வயசானவன். வாட்டிய தேயிலையை ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கினால் உருண்டையாகி, விட்டதும் மெல்ல விரிய வேண்டும். பைப் புகையிலை அதைவிட ஒரு படி காய்ந்திருக்க வேண்டும்: அமுக்கி விட்டதும் உடனே பிரிந்து எழும்ப வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம். நொறுங்கிப் பொடியானால் காய்ந்துவிட்டது, அதுவும் சூடாகத்தான் எரியும்.

நிரப்புவதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. முதல் சிட்டிகையைக் குழந்தைக் கையால், இரண்டாவதைப் பெண் கையால், மூன்றாவதை ஆண் கையால் அமுக்கு என்பார்கள். அடியில் தளர்வு, மேலே கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான் பொருள். நிரப்பிய பிறகு பற்றவைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், கொஞ்சம்கூடத் தடையில்லாமல் காற்று வந்தால் தளர்வு, கன்னம் குழிந்தால் இறுக்கம். பிறகு ஒரு தடவை பற்றவையுங்கள். இலை பொங்கி எழும்பும், அணையும், அணையட்டும். மெதுவாகத் தட்டிச் சமன் செய்து மறுபடி பற்றவையுங்கள். நிஜப் பற்றவைப்பு அந்த இரண்டாவதுதான்.

அப்புறம் மறந்துவிட வேண்டும். கையில் பைப் இருப்பதே ஞாபகம் இல்லாத மாதிரி, மூச்சு விடுகிற நிதானத்தில், வாய் வரை மட்டும். பவுலை, அதாவது புகையிலை நிரப்புகிற கிண்ணத்தை, கையால் பிடிக்க முடியாத அளவு சூடானால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் என்ன, மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். ஒரு பைப்புக்கு நாலு தடவை பற்றவைப்பது ஒன்றும் கேவலமில்லை.

வட்டக்கானல் வாசி:

டீமேக்கர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரிதான், ஆனால் காயவைப்பதில் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். வாசனைப் புகையிலையை வர்ஜீனியா ஃபிளேக் (அழுத்தித் தகடாக வெட்டிய இலை) காயவைப்பது போலக் காயவைத்தால் மேலே தெளித்த வாசனைதான் முதலில் பறக்கும். அப்புறம் மிஞ்சுவது சொத்தைப் பர்லி. பிசுபிசுப்பு போனால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கோத்தகிரி நண்பரே, ஒன்று கவனித்தீர்களா, அந்த வெண்ணிலா வாசம் உங்களுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள், பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். வாசனைக் கலவைகளின் குணமே அதுதான், பிடிக்கிறவனைவிட அடுத்தவனுக்கு அதிகம் மணக்கும். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான் பிடிபடும், வெண்ணிலா எல்லாம் மூக்கின் வேலை. வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை, உள்ளே இழுக்காமல், மூக்கு வழியாக மெல்ல வெளியே விட்டுப் பாருங்கள். அதிகம் விட்டால் கண்ணில் தண்ணீர் வரும், சொல்லிவிட்டேன்.

பைப்பையும் பாருங்கள். ஐரோப்பாவில் விற்கும் பைப்புகள் பலவற்றில் தண்டுக்குள் 9 மில்லிமீட்டர் ஃபில்டர் வைக்க இடம் இருக்கும். ஃபில்டர் போடாமல் பிடித்தால் அந்தக் காலி அறையில்தான் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். தண்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பைப் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள், சூட்டோடு திருகினால் மரத்தில் விரிசல் விடலாம். பிடிக்கும்போது கொளகொளத்தால் கழற்றவே வேண்டாம், பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை வாய்ப்பக்கமாக உள்ளே விட்டு எடுங்கள், ஈரத்தோடு பழுப்பாக வரும், அப்புறம் தொடரலாம்.

புது பிரையர் என்றால் உள்ளே கரிப் படிவு இருக்காது, அதனால் மரம் நேராகச் சூட்டை வாங்கும். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் படியும் வரை பாதி பவுல் மட்டும் நிரப்புங்கள். ஒரு தடவை பிடித்தால் மறுநாள் அதற்கு ஓய்வு. இந்த ஈரக் காற்றில் ஒரு நாள்கூடப் போதாது என்பேன். அதற்காகத்தான் நான் சோளக்கதிர் பைப் ஒன்றும் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்கிற ஊரில் 1869 முதல் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். விலையும் குறைவு, ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், வாசனைக் கலவைக்கு அதைப் போல வேறில்லை. பார்க்க அழகாக இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தீ விஷயம். மெழுகுக் குச்சி வேண்டாம், மரக்குச்சியே நல்லது, மருந்து எரிந்து முடிகிற வரை ஒரு நொடி பொறுத்துப் பிறகு பவுலுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் முதல் இழுப்பே மருந்து வாசம். கேஸ் லைட்டர் என்றால், மார்கழிப் பனியில் வெளியே வைத்துவிட்டுப் போனால் காலையில் பற்றாது. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியில் ஆவியாகாமல் நின்றுவிடும். சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது மலையில் இருக்கிற எல்லோருக்கும். மாசி, பங்குனியில் பவுலை வெளியே தட்டிக் கொட்டாதீர்கள். யூக்கலிப்டஸ் சருகில் எண்ணெய் இருக்கிறது, ஒரு கங்கு விழுந்தால் சோலை வரை போகும். காடு பக்கம் போனால் பைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மேட்டுப்பாளையம் மாப்பிள்ளை:

இதெல்லாம் சரி, வீட்டில் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வட்டக்கானல் வாசி:

ஒத்துக்கொண்டார்கள் என்று யார் சொன்னது.

திண்டுக்கல் ராசு:

அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் வேடசந்தூரில் நல்ல இலை விளைகிறது, ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தாத்தா சுருட்டுப் பிடிப்பார், அந்த இலை வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதை நறுக்கி இந்த வெண்ணிலாவோடு கொஞ்சம் கலந்தால் என்ன? வெறும் சூடான காற்றுதான் வருகிறது என்று கோத்தகிரிக்காரர் எழுதியிருக்கிறாரே, காரம் வரும் இல்லையா?

பழைய டீமேக்கர்:

வரும். தலைசுற்றலும் கூடவே வரும். அது சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் வளர்க்கிற இலை, நிகோட்டின் மிக அதிகம். பைப்புக்கு வேண்டிய பக்குவமும் அதற்குக் கிடையாது. தாத்தா இலையைத் தாத்தா மாதிரி சுருட்டாகவே பிடிக்கட்டும் பிடிக்கிறவர்கள், பைப்பில் போடாதீர்கள். காரம்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிக் கலந்த கலவையாகப் பார்த்து வாங்குங்கள். அது லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கிற இலை, மிளகு மாதிரி ஒரு சுறுக்கு இருக்கும். ஆனால் பழகாதவர்கள் வெறும் வயிற்றில் தொடக் கூடாது.

குன்னூர் பல் டாக்டர்:

யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் உள்ளே வருகிறேன். பிடிக்காதே என்று சொல்வதுதான் என் வேலை, அதைச் சொல்லிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மைல்ட் என்று பவுச்சில் போட்டிருப்பது ருசியைப் பற்றி. நிகோட்டின் குறைவு என்றோ கெடுதல் குறைவு என்றோ அர்த்தமில்லை. சிகரெட் புகை பொதுவாக அமிலத் தன்மை உள்ளது, அதனால் நுரையீரலுக்குள் இழுத்தால்தான் நிகோட்டின் நன்றாக ஏறும். பைப் புகை காரத்தன்மை உள்ளது, வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். "நான் உள்ளே இழுப்பதே இல்லை டாக்டர்" என்று என்னிடம் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். விக்கல், வியர்வை, குமட்டல் வந்தால் பித்தம் என்று நினைக்காதீர்கள், நிகோட்டின் கூடிவிட்டது, பைப்பைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது சாப்பிடுங்கள்.

கோத்தகிரி நண்பர் முன்பு சிகரெட் பிடித்தவர். அப்படிப்பட்டவர்கள் தங்களை அறியாமலே பைப் புகையையும் நெஞ்சுக்குள் இழுப்பார்கள். பழைய பழக்கம் போகாது. அப்படி இழுத்தால் சிகரெட்டை விட்டதில் கிடைத்த லாபம் பெருமளவு போய்விடும். இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டை இவற்றில் புற்றுநோய் அபாயம் இருக்கத்தான் செய்கிறது, கூடவே மது என்றால் இரண்டும் சேர்ந்து அதைப் பல மடங்காக்கும்.

நான் நேரில் பார்ப்பது என்ன என்றால், நாள்பட்ட பைப்காரர்களுக்கு மேலண்ணம் வெளுத்துத் தடித்து, நடுவில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் சூட்டில் வீங்கி அப்படித் தெரிகின்றன. டார்ச் அடித்துக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம். நாக்கு ஓரத்திலோ கன்னத்தின் உள்ளேயோ வெள்ளைத் திட்டோ புண்ணோ வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் எந்தப் பல் டாக்டரிடமாவது காட்டிவிடுங்கள், என்னிடமே வர வேண்டும் என்று இல்லை. இப்போது இருக்கும் எரிச்சல் ஆறும் வரை பைப்பைத் தொடவே தொடாதீர்கள். எரிகிற நாக்கோடு சூடாக டீ வேறு குடிக்க வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாக மணக்கும் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். மணந்தாலும் புகை புகைதான். வீட்டில் குழந்தை இருந்தால் கூடத்தில் பிடிக்காதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்னபடி நாக்கு ஆறும் வரை சும்மா இருந்துவிட்டு, இந்த வாரம்தான் மறுபடி எடுத்தேன். மேசை விளக்கின் கீழே தாளில் பரப்பி, பிசுபிசுப்பு போனதும் பாதி பவுல் மட்டும். டீமேக்கர் ஐயாவின் கைப்பதமும் வட்டக்கானல் நண்பரின் கைப்பதமும் வேறு வேறு என்பதால் நடுவில் எங்கேயோ நிறுத்தினேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கொளகொளப்பு கடைசியில் கொஞ்சம் மட்டும், கிளீனர் விட்டதும் போய்விட்டது. தண்டுக்குள் பார்த்தேன், அந்த 9 மில்லிமீட்டர் ஃபில்டருக்கான காலி இடம் இருக்கத்தான் செய்கிறது, ஃபில்டர் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லிச் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். மூக்கு வழியாக விட்டபோது வெண்ணிலா கொஞ்சம் வந்தது, அதைவிட வறுத்த கடலைத் தோல் போல ஒரு வாசம் வந்தது. அது எனக்கு வெண்ணிலாவைவிடப் பிடித்திருக்கிறது என்றால் தப்பா?

டாக்டருக்கு: வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மட்டும் என்று வைத்திருக்கிறேன். மேலண்ணத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. பவுச் திறந்தே கிடக்கிறது, பூஞ்சை பிடிக்குமா? சித்தப்பா அடுத்த முறை எவ்வளவு கொண்டுவரலாம்?

வட்டக்கானல் வாசி:

தப்பே இல்லை. அந்தக் கடலை வாசம்தான் பர்லியின் சொந்த வாசம். அது பிடித்துவிட்டது என்றால் இன்னும் கொஞ்ச நாளில் வாசனைக் கலவையையே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுவீர்கள், பாருங்கள்.

2016 சுங்க விதிப்படி வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் தீர்வை இல்லாமல் 125 கிராம் புகையிலை கொண்டுவர முடிந்தது. சிகரெட் என்றால் 100, சுருட்டு என்றால் 25, மூன்றில் ஏதாவது ஒன்றுதான். பைப் டின் பெரும்பாலும் 50 கிராமிலோ 100 கிராமிலோ வரும், அதனால் இப்போதைய விதியைப் பார்த்துவிட்டு 50 கிராம் டின் இரண்டு என்று சொல்லுங்கள், வேறு வேறு வகையாக. மலைக்கு வந்து சேரும்போது பவுச் உப்பிப் போயிருந்தால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிப்ஸ் பாக்கெட்டும் இங்கே அப்படித்தான் உப்பும், காற்றழுத்தம் குறைவு.

பழைய டீமேக்கர்:

பூஞ்சை கட்டாயம் பிடிக்கும், அதுவும் இந்த மாதத்தில். கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதில் அடைத்து மூடி இறுக்குங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் மூடியில் பூண்டு வாசம் நிற்கும். மேலே வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்து புழுங்கல் வாசம் வந்தால் அந்தப் பாட்டிலையே கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்துப் பிடிக்காதீர்கள்.

பாட்டிலைத் தேயிலை டப்பா இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும், எங்கள் தொழிற்சாலை கிடங்குக்குள் சோப்புக்கட்டிகூடக் கொண்டுபோக விடமாட்டோம். வெண்ணிலா டீயை உங்கள் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள்.